மரப்பெட்டியும் அறுபத்தொரு விரதங்களும்

07.02.1983, திங்கள்

ரயிலின் மூன்றாம் வகுப்பு மரப்பெட்டி, இலக்கம் 1187, இம்மாதம் 28ஆம் திகதியுடன் சேவையிலிருந்து நீக்கப்படுகிறது. ஆதாரம்: கொடிகாமம் நிலைய அதிபர், நேரில், காலை 6.55. தந்தியை என் கையில் தந்து வாசிக்கவும் விட்டார். பதிலுக்கு வருவது இரும்புப் பெட்டி. இருக்கைகள் எல்லாம் பஸ்ஸில் இருப்பதுபோல ஒரே பக்கம் பார்த்தபடி.

இரண்டாவது செய்திதான் பெரியது. ஒரே பக்கம் பார்த்த இருக்கையில் இருந்துகொண்டு முந்நூற்றிநாலு சீட்டாட்டம் விளையாட முடியாது.

வவுனியாவிலிருந்து வரும் காலை மெதுவண்டியின் கடைசிக்கு முந்திய பெட்டி அது. 1964 முதல் நாங்கள் நாலு பேர் அதில் சீட்டு விளையாடிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போகிறோம். மிருசுவிலில் தேவராசா ஏறி, வாங்குப் பலகையில் சவுக்கத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார். மீனவர் ஊரான குருநகரில் கத்தோலிக்கராகப் பிறந்து, மிருசுவிலில் கல்யாணம் செய்து, மறுபடி குருநகருக்கே ஐஸ் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். கொடிகாமத்தில் நான், பத்திரிகை நிருபர். மீசாலையில் அருளம்பலம், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமை இலிகிதர். சாவகச்சேரியில் பண்டிதர் நாகலிங்கம், தமிழாசிரியர். செத்தவர்களுக்குக் கல்வெட்டுப் பாடுவதில் தென்மராட்சியில் அவரை மிஞ்ச ஆளில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகங்களில் இருநூற்றுப் பதினாலு அவர் பாடியவை. கணக்கு அவருடையது, நான் சரிபார்க்கவில்லை.

நானும் தேவராசாவும் ஒரு பக்கம். அவர்கள் இருவரும் எதிர்ப்பக்கம். நாலு பேரின் முழங்கால்களின் மேலும் சவுக்கத்தை இழுத்து விரித்தால் அதுதான் மேசை.

செய்தியைச் சொன்னேன். தேவராசா சீட்டைக் கலைப்பதை நிறுத்தினார். "அப்ப இனி நாங்கள் எங்கை சந்திக்கிறது?"

அருளம்பலம், கேள்வி யாருடையது என்று கேட்டார். சீட்டுக் கேள்வியை, ஏலம் கேட்கும் முறையை.

08.02.1983, செவ்வாய்

தேவராசா நேற்றுக் கேட்டது மண்டைக்குள் நிற்கிறது. உண்மை விபரம்: பத்தொன்பது வருடத்தில் நாலு பேரில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதில்லை. ஒருமுறை அருளம்பலத்தின் மூத்த மகளின் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போனோம். மூன்று பேரும் ஒரு வரிசையில் இருந்தோம். கையில் சீட்டு இல்லாததால் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. பண்டிதர் மழையைப் பற்றிச் சொன்னார். தேவராசா சாப்பிடாமலே போய்விட்டார், பஸ் போய்விடும் என்று. அப்போது பகல் பன்னிரண்டரை. மிருசுவிலுக்குக் கடைசி பஸ் இரவு எட்டுக்கு.

12.02.1983, சனி

அருளம்பலம் குழு அமைத்துவிட்டார். தலைவர் அருளம்பலம். செயலாளர் அருளம்பலம். பெட்டிக்குப் பிரியாவிடை: முன்னால் வாழை, மாலை, மீசாலை நாதஸ்வரம், சொற்பொழிவு.

பண்டிதர் தானாகவே சொன்னார்: "நான் ஒரு கல்வெட்டுப் பாடுறன்."

"பெட்டிக்கோ?" என்றேன்.

"ஏன், எத்தினையோ மரங்களுக்குப் பாடியிருக்கிறன். இது நல்ல தேக்கு."

பாட்டுடைத் தலைவரின் படம் வேண்டுமாம். தேவராசா, "பெட்டிக்கு முகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அதைத் தீர்க்க நாவற்குழி வரை போனது.

16.02.1983, புதன்

கட்டுரைக்காகப் பெட்டியை அளந்தேன். ஆசிரியர் இருநூறு சொல் தந்திருக்கிறார். எழுத இடம் காணாதவை: மூன்றாவது யன்னலின் பலகை கீழே உதைத்தால்தான் மேலே ஏறும். பண்டிதரின் இடத்துக்கு மேலே கூரை ஒழுகும். மாரியில் பெட்டிக்குள் குடை பிடித்துக்கொண்டு துரும்புச் சீட்டுச் சொல்வார். வாங்கின் விளிம்பு நாலு பேர் தொடைக்கும் நாலு விதமாகத் தேய்ந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் என் இடம் தெரியும்.

நாவற்குழிப் பாலத்தில் கடற்காற்று இரண்டு பக்கத்தாலும் வரும். அப்போது நாலு பேரும் சீட்டை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் இருப்போம். 1969இல் அருளம்பலம் கையைச் சற்றுத் தளர்த்தியதில் சிவப்பு இதயச் சீட்டான ஆட்டின் எட்டு பறந்து கடல்நீரேரியில் விழுந்தது. அன்று தொடங்கி அவருடைய பழைய சீசன் ரிக்கெற்தான் எங்கள் சீட்டுக்கட்டில் ஆட்டின் எட்டு. பின்பக்கம் அவர் கையெழுத்து இருக்கும். அது யார் கையில் இருக்கிறதென்று பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். பதினாலு வருடமாகத் தெரியாததுபோலவே விளையாடுகிறோம்.

21.02.1983, திங்கள்

கல்வெட்டு அச்சுக்குப் போகிறது. மறைந்த திகதியை உறுதிப்படுத்தித் தரும்படி பண்டிதர் கேட்டார். நிலைய அதிபரிடம் இரண்டாவது முறை கேட்டு, எழுதிக் கொடுத்தேன்: 28.02.1983. பண்டிதர் திதி வெண்பா கட்டிவிட்டார்: துந்துபி வருடம், மாசித் திங்கள், அபரபக்கப் பிரதமை. இருநூறு பிரதி. பெட்டியின் "பிரிவால் துயருறுவோர்" என்ற இடத்தில் எங்கள் நாலு பேரின் பெயரும்.

என் மனைவி மீனாம்பிகை வாசித்துவிட்டு, "இஞ்சேருங்கோ, நான் செத்தால் இவ்வளவு எழுதுவியளோ?" என்றாள்.

28.02.1983, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை வண்டி மீசாலையில் முப்பத்தெட்டு நிமிடம் நின்றது. காரணம் அருளம்பலத்தின் உரை. கார்ட் இரண்டு முறை விசில் ஊதினார். நாதஸ்வரக்காரர் அதைத் தாளமென்று எடுத்துக்கொண்டார். கர்ப்பூரம் கொளுத்தினார்கள். பெட்டிக்கு மாலை போட்டார்கள். அருளம்பலம் அழுதார். நிச்சயமாக அழுதார், நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

ஏறினோம். பண்டிதர் அன்று மீசாலைக்கே வந்து ஏறியிருந்தார். கடைசி ஆட்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தேவராசா ஒரு பெரிய பாத்திரத்தைத் திறந்தார். அவருடைய மனைவி யோசப்பின் சுட்டு அனுப்பிய பயற்றம் பணியாரம். பிளாஸ்கில் தேத்தண்ணி, நாலு கோப்பை.

நான் எடுத்தேன். பண்டிதர் எடுத்தார். அருளம்பலம் கையைக் கூப்பினார். "இண்டைக்குத் திங்கள். சோமவார விரதம்."

பண்டிதரால் பிழையைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. "அது கார்த்திகை மாதத்திலை எல்லோ?"

அப்போதுதான் தேவராசா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்:

"அருளண்ணை, பத்தொன்பது வரியமா முழங்காலோடை முழங்கால் முட்டிக்கொண்டு இருக்கிறம். உங்கடை முழங்காலுக்கு ஒரு நாளும் விரதமில்லை. வாய்க்கு மட்டும் ஏன்? பெட்டிக்கு மாலை போட்டு அழுதனீங்கள். என்ரை மனிசி சுட்டதை ஒருக்கால் தொட்டுப் பாத்தனீங்களே? இனிச் சந்திக்கப் போறதில்லை, அதாலை கேக்கிறன். கேக்காமல் செத்தால் என்ரை கட்டை வேகாது."

"உமக்குக் கட்டை ஏது, உம்மைப் புதைக்கிறதெல்லோ?" என்றார் பண்டிதர், பதற்றத்தில்.

பாலம் வந்தது. சீட்டை நெஞ்சோடு பிடித்தோம். பாலம் முடிந்த பிறகும் ஒருவரும் கையை எடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது அருளம்பலம் சீட்டுக்கட்டிலிருந்து தன் சீசன் ரிக்கெற்றை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது என்ரை பேரிலை எழுதினது." எல்லோரும் கைகுலுக்கினோம். பத்தொன்பது வருடத்தில் முதல் கைகுலுக்கல்.

செய்தி கொடுத்துவிட்டேன். தலைப்பு: "மரப்பெட்டியின் இறுதிப் பயணம்".

01.03.1983, செவ்வாய்

பெட்டி வந்தது.

கொடிகாமத்தில் நின்றுகொண்டு என் கண்ணை நம்பாமல் இலக்கத்தைப் பார்த்தேன். 1187. வாழை வாடித் தொங்குகிறது. மாலை கறுத்துவிட்டது. உள்ளே தேவராசா சவுக்கத்தைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். "ஏறுங்கோ பேப்பரண்ணை, பேயடிக்காது." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருடைய மடியில் இன்றைய எங்கள் பத்திரிகை. இறுதிப் பயணம். மூன்றாம் பக்கம், என் பெயரோடு.

மீசாலையில் அருளம்பலம் நின்றார். பெட்டியைக் கண்டார். தேவராசாவைக் கண்டார். நேரே அடுத்த பெட்டியில் போய் ஏறினார்.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று, இனிக் காண்பதில்லை என்றல்லவா தேவராசா கேட்டது? நாளைக்கும் காண வேண்டும். நாளன்றைக்கும்.

02.03.1983, புதன்

நிலைய அதிபர் சொன்னது: புதிய பெட்டி இன்னும் வந்து சேரவில்லை, 15ஆம் திகதி வரலாம். "வரலாம்" என்பதை நான் அடிக்கோடிட்டேன்.

அருளம்பலத்தின் அறிவிப்பு, மேடையில் நின்று எல்லோருக்கும் கேட்க: "கர்ப்பூரம் கொளுத்தி அனுப்பின பெட்டி. முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு. அதுக்குள்ளை நான் கால் வையன்."

தேவராசா யன்னலால் தலையை நீட்டி, "உயிரோடை இருக்கிறதுக்கு என்ன துடக்கு? பிள்ளைப்பெத்த துடக்கோ?" என்றார்.

மூன்று பேர் இருந்தோம். முப்பத்தொரு சீட்டு. முந்நூற்றிநாலுக்கு நாலு பேர் வேண்டும், முப்பத்திரண்டு சீட்டு வேண்டும். சவுக்கத்தை மடித்து வைத்தோம்.

03.03.1983, வியாழன்

இன்றைய பத்திரிகையில், ஆறாம் பக்கம், அடியில்:

"திருத்தம். எமது 01.03.83 இதழில் வெளியான 'மரப்பெட்டியின் இறுதிப் பயணம்' என்னும் செய்தியில் குறிப்பிட்ட பெட்டி தொடர்ந்து சேவையில் உள்ளது. தவறுக்கு வருந்துகிறோம்."

முப்பத்தொரு வருட வேலையில் என் முதல் திருத்தம். ஆசிரியர், "மனுசருக்கு எழுதின மரண அறிவித்தல் ஒண்டும் பிழைக்கேல்லை. ஒரு வாங்குப் பலகை உம்மை விழுத்திப்போட்டுது" என்றார்.

பண்டிதர் என்னோடு கதைக்கவில்லை. இருநூறு கல்வெட்டும் நேற்று அச்சாகி வந்துவிட்டன. திகதி மாற்றலாம், திதியை மாற்றினால் வெண்பா உடைந்துவிடும் என்றார் கடைசியில். ஒரு வெண்பாவுக்காகப் பெட்டி செத்திருக்க வேண்டும் என்பதுபோல இருந்தது அவர் சொன்ன விதம்.

04.03.1983, வெள்ளி

பழைய குறிப்புப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். ஏன் எழுதி வைத்தேன் என்று தெரியாது, பழக்கம். 1964 ஈஸ்டர் பாஸ்கு முதல் இந்தத் திங்கள்வரை தேவராசா பெட்டிக்குள் சாப்பாடு கொண்டுவந்தது அறுபத்தொரு தடவை. அறுபத்தொரு தடவையும் அருளம்பலம் விரதம். பழைய பஞ்சாங்கங்களோடு ஒப்பிட்டேன். நாலு தடவை உண்மையிலேயே விரத நாள். 1972 மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், இரண்டு ஏகாதசி வந்திருக்கிறது.

மீனாம்பிகையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறியள். தேவராசா எங்கடை வீட்டுக்கு எத்தினை தரம் வந்தவர்?"

நான் குறிப்புப் புத்தகத்தை மூடப் போனேன்.

"அதையும் எழுதுங்கோவன்."

எழுதுகிறேன். பூச்சியம்.

எதற்காக? அருளம்பலம் வீட்டில் தேவராசாவை எந்தக் கதிரையில் இருத்துவது, எந்தக் கோப்பையில் கொடுப்பது என்று ஒரு கேள்வி எழும் என்பது எனக்குத் தெரியும். கோச்சிப் பெட்டியில் அந்தக் கேள்வி இல்லை. வாங்கு எல்லோருக்கும் ஒரே வாங்கு. என் வீட்டில் அந்தக் கேள்வி எழாது என்று நினைத்திருந்தேன். எழுமா என்று சோதித்துப் பார்க்கவே இல்லையே. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, தேவைப்படவில்லை.

11.03.1983, வெள்ளி

இன்று நான் அடுத்த பெட்டியில் ஏறி அருளம்பலத்துக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"பேப்பருக்குக் கேக்கிறீரோ, உமக்குக் கேக்கிறீரோ?" என்றார்.

"எனக்கு."

"அப்ப எழுதாதையும். ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

அவருடைய வார்த்தை: "அறுபத்திநாலிலை முதல் நாள் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. வீட்டிலை அம்மா அப்ப உயிரோடை. விரதமெண்டிட்டன். ரண்டாம் தரம் முதல் பொய்யைக் காப்பாத்தச் சொன்னன். அம்மா செத்து இப்ப பதினொரு வரியம். ஆனால் இடையிலை ஒரு நாள் திண்டால், இவ்வளவு நாளும் ஏன் தின்னேல்லையெண்டு சொல்ல வேணுமே? அந்தக் கேள்விக்குப் பயந்து பயந்து... சீவரத்தினம், எனக்குப் பயற்றம் பணியாரமெண்டால் உயிர் தெரியுமோ? அந்தாள் பாத்திரத்தைத் திறக்கேக்கை ஏலக்காய் மணம் வரும். நான் யன்னலுக்கு வெளியிலை பாத்துக்கொண்டிருப்பன்."

"அதை அவரிட்டையே சொல்லலாமே."

"எந்த முகத்தோடை?"

பாலம் வந்தது. அவர் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. கையில் சீட்டு இல்லை.

15.03.1983, செவ்வாய்

பெட்டி இன்றும் வந்தது. இரண்டாவது மரணமும் பொய். நல்லவேளை, செய்தி கொடுக்கவில்லை. பயணிகள் இப்போது அதை அந்தியேட்டிப் பெட்டி என்கிறார்கள்.

என் சங்கடம்: எல்லாவற்றையும் ஒரு வசனத்தில் தீர்க்கக்கூடிய தகவல் என்னிடம் இருக்கிறது. சொன்னவர் வெளியிட வேண்டாமென்றார். முப்பத்தொரு வருடம் அப்படிக் கேட்ட எவரையும் நான் காட்டிக்கொடுத்ததில்லை. தேவராசா எதிரில் இருந்துகொண்டு, "அந்தாள் என்னவாம்?" என்று கேட்கிறார். "ஒண்டுமில்லையாம்" என்கிறேன்.

20.03.1983, ஞாயிறு

தேவராசாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தார். கைநீளச் சட்டை, தலைக்கு எண்ணெய். மீனாம்பிகை அலுமாரியில் பூட்டியிருந்த பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்குத் தந்தது வழமையான காதுடைந்த கோப்பை. இருவரும் கதிரையின் விளிம்பில் இருந்தோம். மழையைப் பற்றிக் கதைத்தோம்.

கால் மணி நேரத்தின்பின் தேவராசா சொன்னார்: "பேப்பரண்ணை, நான் என்ன பொம்பிளை பாக்கவோ வந்தனான்? உந்தக் காதுடைஞ்ச கோப்பையைத் தாங்கோ, வசதியா இருக்கும்."

மாற்றினோம். பிறகு இரண்டு மணி நேரம் இருந்தார்.

25.03.1983, வெள்ளி

உறுதி: புதிய பெட்டி 31ஆம் திகதி காலை. ஆதாரம்: நிலைய அதிபர், அவரோடு கார்ட், அவரோடு நேற்று அனுராதபுரத்தில் பெட்டியை நேரில் கண்டு வந்த சிக்னல்காரர். மூன்று பேர். இதற்குமேல் நானே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அப்படியென்றால் 30ஆம் திகதி கடைசி நாள். விரலை மடித்து எண்ணினேன். பிரியாவிடையிலிருந்து முப்பத்தோராம் நாள். செத்த நாளும் அந்தியேட்டியும் ஒரே நாளில் வருகின்றன. பண்டிதர் மூன்று கிழமைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்வெட்டுகளை அன்றைக்குக் கொடுக்கலாமாம். உள்ளே ஒரு துண்டு ஒட்டுவதற்குப் பிழைதிருத்தம் எழுதித் தந்தேன். எனக்கு இப்போது கை வந்துவிட்டது.

30.03.1983, புதன்

மாலை இல்லை, நாதஸ்வரம் இல்லை. பண்டிதர் இன்று சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் கொடிகாமத்துக்கு வந்து, கல்வெட்டுக் கட்டோடு என்னுடன் ஏறினார். மிருசுவிலில் தேவராசாவோடு யோசப்பினும் ஏறியிருந்தார். அவரை நான் பார்ப்பது இதுவே முதல் தடவை; குட்டையான மனுசி, கையில் குடை.

மீசாலையில் வண்டி நின்றதும் யோசப்பின் இறங்கி, மேடையால் நடந்து, அடுத்த பெட்டிக் கதவில் அருளம்பலத்தை மறித்தார். நானும் இறங்கிப் பின்னால் போனேன். தொழில்.

"நீங்கள்தானே அருளண்ணை? நான் தேவராசாவின்ரை மனிசி. வாற ஞாயிறு எங்களுக்குப் பாஸ்கு. நீங்கள் மூண்டு பேரும் வீட்டை வரவேணும். அண்டைக்கு உங்களுக்கு விரதமோ எண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ. நான் பயறு வறுக்க வேணும்."

அருளம்பலம் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், "சஷ்டி" என்று சொல்லப்போகிறார் என்று. பின்னாலிருந்து, யன்னலுக்குள்ளால், பண்டிதரின் குரல்:

"நான் பாத்திட்டன். அண்டைக்குத் தேய்பிறைச் சஷ்டி. விரதக் கணக்கிலை இல்லை!"

கார்ட் விசில் ஊதினார்.

"அப்ப... பாத்துச் சொல்லுறன்" என்றார் அருளம்பலம்.

"பயறு பாத்துக்கொண்டிராது" என்றார் யோசப்பின்.

நாவற்குழியில் இராணுவத்தினர் ஏறிச் சோதித்தார்கள். பண்டிதரின் கட்டைத் திறக்கச் சொன்னார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவர், அட்டைப் படத்தைப் பார்த்து, "யாரு செத்தது?" என்றார்.

"இந்தப் பெட்டி" என்றார் பண்டிதர்.

அந்தச் சிப்பாய் படத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இறங்கினார். ஒரு பிரதியைக் கொண்டுபோனார்.

யாழ்ப்பாணத்தில் எல்லோரும் போன பிறகு என் இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

31.03.1983, வியாழன்

புதிய பெட்டி வந்தது. கண்டேன். ஏறினேன். சுத்தம். யன்னல் விரலால் தொட ஏறுகிறது.

முப்பத்தொரு நாளும் முடிந்ததால் அருளம்பலமும் ஏறினார். வேறு வழியில்லாமல் நாலு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக இருந்தோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. தச்சன்தோப்புத் தாண்டி, தேவராசா யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார்: "அருளண்ணைக்குப் பிடரி முழுக்க நரை. பத்தொன்பது வரியம் முன்னாலை இருந்தும் காணேல்லை."

அருளம்பலத்தின் தோள் குலுங்கியது. சிரிப்பா வேறேதுமா, பின்னாலிருந்து உறுதிப்படுத்த முடியவில்லை.

01.04.1983, பெரிய வெள்ளி

விடுமுறை. அருளம்பலம் ஞாயிறு வருவாரா? பண்டிதர் வருவார் என்கிறார். ஆதாரம் கேட்டேன். "மனசு சொல்லுது" என்கிறார். அது ஆதாரமல்ல.

03.04.1983, ஞாயிறு

மிருசுவில், தேவராசா வீடு. பத்து மணிக்கு நானும் பண்டிதரும் போய்ச் சேர்ந்தோம். பத்தரை. பதினொன்று. முற்றத்தில் இரண்டு வாங்கை எதிரெதிரே போட்டு, சவுக்கத்தையும் வைத்திருந்தார் தேவராசா. யோசப்பின் இரண்டு தரம் படலை வரைக்கும் போய்விட்டு வந்தார்.

பதினொன்று இருபதுக்கு அருளம்பலம் வந்தார். வேட்டி, சால்வை. முதலில் எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. பத்தொன்பது வருடம் காற்சட்டையில் கண்டவர். பஸ்ஸில் வந்து, மூன்று வீடு தள்ளி இறங்கி, கேட்டுக் கேட்டு வந்தாராம்.

ஒருவரும் எழும்பவில்லை. எழும்பினால் என்ன சொல்வது என்று தெரியாததால்.

அவர் வந்து தன் இடத்தில் இருந்தார். கோச்சியில் அவர் இருக்கும் அதே மூலை. சட்டைப்பையிலிருந்து சீசன் ரிக்கெற்றை எடுத்துக் கட்டின் மேல் வைத்தார். "ஆட்டின் எட்டு" என்றார்.

யோசப்பின் பாத்திரத்தைத் திறந்தார். ஏலக்காய் மணம் எனக்கே வந்தது.

அருளம்பலம் ஒன்றை எடுத்தார். கடித்தார். மென்றார். எங்கள் மூன்று பேரின் கண்ணும் அவர் வாயில்தான். கண் கலங்கியது.

"உறைப்போ?" என்றார் தேவராசா. இனிப்பான பயற்றம் பணியாரத்தில் உறைப்பேது.

"ஓம்" என்றார் அருளம்பலம். "கொஞ்சம் உறைப்பு."

ஏழு தின்றார். எட்டாவதுக்குக் கை நீட்டியபோது தேவராசா பாத்திரத்தை இழுத்துக்கொண்டார். "போதும் அண்ணை. அறுபத்தொண்டையும் ஒரே நாளிலை முடிக்க ஏலாது."

நான் அந்த எண்ணை ஒருவருக்கும் சொன்னதில்லை. என்னைப் பார்த்தார் அருளம்பலம். நான் தலையை ஆட்டினேன், நானில்லை என்று. தேவராசா சீட்டைக் கலைத்துக்கொண்டே, "கொண்டுவந்தவனுக்குக் கணக்குத் தெரியாதோ?" என்றார்.

பின்னேரம் ஐந்து மணிவரை விளையாடினோம். காற்று வீசியபோது நாலு பேரும் சீட்டை நெஞ்சோடு பிடித்தோம். பாலம் எதுவும் இல்லை. நானும் தேவராசாவும் தோற்றோம்.

போகும்போது அருளம்பலம் படலையில் நின்று, தேவராசாவைப் பார்த்தும் பார்க்காமலும் சொன்னார்: "வருசம் பிறந்தாப்போலை, பதினேழாந் திகதி ஞாயிறு, எங்கடை வீட்டிலை. நாலு பேரும். பத்து மணிக்கு."

"அண்டைக்கு எனக்கு விரதமோ தெரியாது" என்றார் தேவராசா. பிறகு, "வாறன்" என்றார்.

இன்னும் உறுதியாகாதது: அங்கே தேவராசாவுக்கு எந்தக் கோப்பை. 17ஆம் திகதி, காலை பத்து மணிக்குமேல் தெரியவரும். நான் நேரில் இருப்பேன்.